மேல்வீட்டில் மாவு இடிக்கிறார்கள்

பாகூர்
16.6.2025

மூலநாதர் துணை

அன்புள்ள அக்காவுக்கு விஜயகுமாரி எழுதுவது.

நான்கு நாளாக உங்கள் போனுக்கு அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது. பக்கிரி அண்ணனுக்குப் போட்டால், "அக்கா கொல்லிக்குப் போயிருக்குது, வந்தா சொல்றேன்" என்கிறார். பொழுது சாய்ந்து கூப்பிட்டாலும் கொல்லிதான், இருட்டில் வயலில் என்ன வேலையோ. உங்கள் தம்பிக்குப் பொய் சொல்ல வராது அக்கா, அவரை விட்டுவிடுங்கள். அதனால்தான் இந்தக் கடிதம். பாகூரிலிருந்து மண்ணாடிப்பட்டுக்குக் கடிதமா என்று தபால் ஆபீசில் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, நீங்கள் கீழே, நான் மேலே என்று இத்தனை வருஷம் இருந்தாகிவிட்டது. உங்கள் கூடத்து வழியாகத்தான் எங்கள் மாடிப்படியே ஏறுகிறது. அப்படியிருக்க, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். உங்கள் வீட்டுக்கார மாமாவிடம் மட்டும் "தம்பி வூட்டுக்குப் போறேன், எப்ப வருவேன்னு தெரியாது" என்றீர்களாம். அவரும் சரி என்றாராம். இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.

நான் என்ன செய்தேன்? யோசித்து யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. நம் பெண் வெண்ணிலாவின் டிரம்ஸ்.

ஏப்ரலில் அவள் அந்தப் பெரிய செட்டைக் கொண்டுவந்து வைத்தது தப்புதான். முதல் அடி அடித்ததும் எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நீங்கள் படியில் பாதி ஏறி நின்று, "ஏண்டி, நைட் டூட்டி பாத்துட்டு வந்த மனுஷன் தூங்க வேணாமா? இது வூடா, கல்யாண மண்டபமா?" என்றீர்கள். நியாயமான கேள்வி. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவளும் அழுதுகொண்டே செட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பதிலாக மே மாதக் கடைசியில் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினோம். எல்லாம் ரப்பர் தட்டு. சத்தம் முழுக்க அவள் காதில் மாட்டியிருக்கிற ஹெட்போனில்தான். பக்கத்தில் உட்கார்ந்து நான் கீரை ஆய்ந்தால்கூடத் தலையணையைத் தட்டுகிற மாதிரிதான் இருக்கும். அதையும் மாமா ஐந்தரைக்கு டூட்டிக்குக் கிளம்பிய பிறகு, ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் என்று வைத்தோம். இதைவிட ஒரு பெண் பிள்ளை எப்படி அடங்கி வாசிக்க முடியும்?

அதை எப்படியோ தெரிந்துகொண்டு, அதுவும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெண்ணிலா காலேஜிலிருந்து வந்து உங்கள் சமையலறை இருட்டாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா எங்க?" என்று கேட்டாள். தம்பி வீட்டுக்கு என்று சொல்லிவைத்தேன்.

மாமாவுக்கு மூன்று வேளையும் இங்கேதான் சாப்பாடு. உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் இல்லாதது அவருக்கும் தெரிகிறது; குழம்பில் உப்பு கம்மி என்று சொல்ல யோசித்துவிட்டுப் பேசாமல் சாப்பிடுகிறார்.

பதில் போடுங்கள்.

விஜயா


மண்ணாடிப்பட்டு
20.6.2025

மூலநாதர் துணை

விஜயாவுக்குக் கோகிலாம்பாள் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. டிரம்ஸாம். நன்றாகச் சொன்னாய்.

அந்தப் பெரிய டிரம்ஸ் இருந்தவரைக்கும் எனக்குக் கோபம் இருந்தது, வருத்தம் இல்லை. சத்தம் போட்டது, போடாதே என்றேன், நிறுத்தினீர்கள். அது அன்றைக்கே முடிந்த பேச்சு. புதிதாக வாங்கியிருக்கிறீர்கள் என்பதே நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். அதன் சத்தம் ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. ஆகவே அதன் மேல் பழியைப் போடாதே.

நீ கேட்டுவிட்டாய், அதனால் எழுதுகிறேன். விளக்கு வைத்த பிறகு வீட்டில் உலக்கை சத்தம் கேட்கக்கூடாது என்று உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீயும் சாமி கும்பிடுகிறவள்தான். என் பூஜை அறைக்கு நேர் மேலே, நான் திரியை ஏற்றிக் கை கூப்புகிற நேரத்துக்கு, தினமும் இடிக்கிறாய். வெள்ளிக்கிழமையும் விடவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் ஏதோ அவசரம் என்று பொறுத்திருப்பேன். ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் இடித்தால் அது எதற்கான மாவு என்று எனக்குத் தெரியாதா? நம் வீட்டில் இதற்கு முன் கல்யாணம் நடந்ததில்லையா? சீர் அதிரசத்துக்கு ஊற வைத்த அரிசியை உலக்கையில்தான் இடிப்பார்கள். மஞ்சளும் அப்படித்தான்.

நான் வேண்டுமென்று ஒட்டுக்கேட்கவில்லை. கண்ணும் காதும் சும்மா இருக்க மறுக்கின்றன. பெரிய அட்டைப் பெட்டி ஒன்று வேட்டியைப் போர்த்திக்கொண்டு என் கூடத்து வழியாக மேலே போயிற்று. அரிகரன் தம்பி என்னைப் பார்த்துவிட்டு, "பழைய சாமான் அண்ணி" என்றார். பழைய சாமானுக்கு எதற்கு வேட்டி? பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தட்டில் பழம் பூ எல்லாம் வைத்துக்கொண்டு வந்தார்கள். போகும்போது வெண்ணிலா தலையில் பூ இருந்தது. நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "யாரு விஜயா?" என்று கேட்டேன். நீ "தெரிஞ்சவங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் படி ஏறிவிட்டாய்.

எனக்குப் பிள்ளை இல்லை. நல்ல காரியத்துக்கு முதல் உலக்கையை என் கையில் தரக்கூடாது என்று உன் பக்கத்து மனிதர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். நீ வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தலையை ஆட்டியிருப்பாய். அதுகூடப் பரவாயில்லை. வீட்டில் இருக்கிறதே ஒரு உலக்கை, அது என் சமையலறை மூலையில் நிற்கிறது. அதைக் கேட்டால் நான் தெரிந்துகொள்வேன் என்று வெளியிலிருந்து வேறு உலக்கை வாங்கி வந்து இடிக்கிறாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெண்ணிலா, பேச்சு வரும் முன்பே என் இடுப்பில் உட்கார்ந்தவள். அவள் கல்யாணமே ஆனாலும் கூப்பிடாமல் வந்து நிற்கிற ஆள் நான் இல்லை. அதனால் கிளம்பிவிட்டேன். காரியம் முடிகிறவரை நான் கீழே இல்லாவிட்டால் உங்களுக்கும் ஒளிக்க வேண்டிய வேலை இல்லை.

அவளுக்கென்று எடுத்த அரக்குப் பட்டு என் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஒப்புக்கொண்டால் கட்டட்டும்.

உங்கள் மாமா விளக்கு ஏற்றமாட்டார், ஏற்றினாலும் திரியை மறந்துவிடுவார். உனக்கு முடிந்தால் ஏற்று. முடியாவிட்டால் விடு.

கோகிலாம்பாள்


பாகூர்
24.6.2025

மூலநாதர் துணை

அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் சிரித்தேன். இரண்டாவது தரம் கோபம் வந்தது. மூன்றாவது தரம் அந்தப் பட்டுப்புடவைக்கு வந்ததும் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன்.

வெண்ணிலாவுக்கு எந்தக் கல்யாணமும் இல்லை. பி.காம். இரண்டாம் வருஷம் போகிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதென்றால் நீங்கள் பார்க்காமல் நான் பார்ப்பேனா? எனக்கு ஆளைப் பார்த்தால் நல்லவனா கெட்டவனா என்றே தெரியாது. கேஸ் சிலிண்டர்காரனிடமே ஏமாறுகிறவள் நான்.

உலக்கையும் இல்லை, மாவும் இல்லை. மிக்ஸி, கிரைண்டர், முக்கில் மாவு மில் எல்லாம் இருக்கும்போது யாரக்கா இந்தக் காலத்தில் உலக்கையைத் தூக்குகிறார்கள்? என் தோள்பட்டை வலி உங்களுக்குத் தெரியாதா? மூலநாதர் மேல் ஆணையாக என் வீட்டில் யாரும் எதையும் இடிக்கவில்லை. நீங்கள் என்ன சத்தத்தைக் கேட்டீர்களோ எனக்குத் தெரியாது. பக்கத்தில் யாராவது வீடு கட்டுகிறார்களா என்று இவரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். யாரும் கட்டவில்லை.

பிள்ளை இல்லாதவள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் நான் பதிலுக்கு எழுதமாட்டேன். வெண்ணிலாவுக்கு யார் அம்மா என்று தெருவில் பாதிப் பேருக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டது முழுக்க நீங்கள்தானே.

வந்தவர்கள் இவருக்குத் தெரிந்தவர்கள். முதல் தரம் வீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? அவ்வளவுதான்.

விளக்கை நானே ஏற்றுகிறேன். உங்கள் கடிதம் வந்தபோது கீழே போய்ப் பார்த்தேன். மாமா ஊதுபத்தியைக் கொளுத்திக் காலண்டரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்தார். ஜூன் மாதத்தில் பாதி எரிந்துபோயிற்று.

வந்துவிடுங்கள் அக்கா.

விஜயா


மண்ணாடிப்பட்டு
28.6.2025

விஜயாவுக்கு,

தெரிந்தவர்கள் என்றால் அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கும். ஊர் இருக்கும். நீ இரண்டாவது தரமும் எழுதவில்லை.

மூலநாதர் மேல் ஆணை வைத்திருக்கிறாய். சாமியை இதில் இழுத்ததற்கு எனக்கு உன் மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம். என் காது நன்றாகத்தான் இருக்கிறது. உலக்கை விழுகிற சத்தத்தையும் வேறு சத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நான் ஐம்பத்து நான்கு வயசு வரை குடும்பம் நடத்தவில்லை.

பக்கிரியிடம் சொல்லிவிட்டேன். அவன் வந்து உங்கள் மாமாவிடமும் அரிகரன் தம்பியிடமும் பேசுவான். உங்கள் மாடிக்குப் படி என் கூடத்து வழியாகப் போவதால்தானே பெட்டிக்கு வேட்டி போர்த்த வேண்டியிருக்கிறது? வெளிப்பக்கமாக ஒரு படி கட்டிக்கொள்ளுங்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் எழுதிக்கொடுத்தால் அனுமதி தருவார்களாம். கூடத்துக்கு நடுவில் சுவர் எழுப்பிவிடலாம். நீங்கள் உங்கள் பாட்டுக்கு வரலாம், போகலாம், யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். நானும் என் பாட்டுக்கு இருந்துகொள்வேன்.

படி கட்டி முடித்த பிறகு எழுது. வருகிறேன்.

விளக்கு ஏற்றுவதற்கு நன்றி.

கோகிலாம்பாள்


பாகூர்
1.7.2025

மூலநாதர் துணை

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பக்கிரி அண்ணனை இங்கே அனுப்பாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டது நிஜம். நான் ஆணையிட்டதும் நிஜம். எப்படி என்று சொல்கிறேன்.

போன வாரம் முழுக்க வெண்ணிலாவுக்குக் காலேஜில் பரீட்சை. டிரம்ஸைத் தொடவில்லை. அதனால் நான் கீழே வந்து விளக்கு ஏற்றிய நாளெல்லாம் அமைதியாக இருந்தது. நேற்று பரீட்சை முடிந்தது. நான் ஆறு மணிக்கு உங்கள் பூஜை அறையில் எண்ணெய் விட்டு, திரியைத் தூண்டி, கையைக் கூப்பினேன். தலைக்கு மேலே 'தொம்' என்று ஒன்று விழுந்தது. பிறகு 'தொம் தொம்'. கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'தொம்'. சாமி படத்துக் கண்ணாடி சிலிர்க்கிறது. அக்கா, அச்சு அசலாக உலக்கை. இரண்டு பேர் மாறி மாறிப் போடுவது போலக்கூட இருந்தது. விளக்கு வைத்த நேரத்தில் என் வீட்டில் யார் இடிக்கிறார்கள் என்று எனக்கே கோபம் வந்துவிட்டது!

படியில் ஓடினேன். மேலே போய்ப் பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை. வெண்ணிலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி வாசிக்கிறாள். ரப்பரில் குச்சி படுகிற தப்தப்தான். "நிறுத்துடி!" என்று கத்தினேன். அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? தோளைப் பிடித்து உலுக்கினேன். இவரைக் கீழே உங்கள் பூஜை அறையில் நிற்க வைத்து, அவளை ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னேன். கையால் தட்டுகிறது ஒன்றும் கீழே போகவில்லை. காலால் மிதிக்கிற பெடல் ஒன்று இருக்கிறது, பெரிய டிரம்முக்குப் பதிலாக வருவது. அதை மிதித்ததும் இவர் கீழேயிருந்து, "அடியே, மாவு இடிக்கிற மாதிரியேதான் கீது!" என்று கத்தினார். நான் இவரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவேயில்லை அக்கா. தானாகச் சொன்ன வார்த்தை.

வெண்ணிலா விளக்கினாள். பெரிய டிரம்ஸ் சத்தம் காற்றில் போய்த் தெருவையே எழுப்புமாம். இதன் சத்தம் காற்றில் போகாது. கால் மிதிக்கிற அதிர்வு தரைக்குள் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் போய்ப் பேசுமாம். மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று வாங்கியதைக் கொண்டுபோய் உங்கள் சாமி தலைக்கு நேர் மேலே வைத்திருக்கிறோம்.

உங்கள் கடிதங்களை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "எனக்குக் கல்யாணம்னு நெனச்சிக்கினு பெரியம்மா தனியா பையத் தூக்கினு கெளம்பிப் போச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். "அந்த ஆளுங்க யாருன்னு நீ இன்னும் ஏன் சொல்லல?" என்று என்னைத் திட்டினாள். ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்தவர் பெயர் ஜெகநாதன். தவளக்குப்பத்தில் ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கிறார். கூட வந்தது அவர் மனைவி வினோதினி, குழுவில் பாடுகிறவர். வெண்ணிலா காலேஜ் விழாவில் வாசித்ததைக் கேட்டுவிட்டு, ஆடி முதல் வெள்ளிக்குப் பூரணாங்குப்பம் அம்மன் கோயில் கச்சேரியில் வாசிக்கக் கூப்பிட வந்தார்கள். நன்றாகச் செய்தால் குழுவிலேயே வைத்துக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமை என்பதால் பூ கொண்டுவந்தார்கள். அந்த அம்மாதான் அவள் தலையில் வைத்தார்கள். பெட்டிக்கு வேட்டி போர்த்தியதும் நான்தான் சொன்னது. மறுபடி டிரம்ஸா என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள், அப்புறம் கச்சேரிக் கதை வெளியே வரும், பொட்டப்பிள்ளை மேடை ஏறி நாலு ஆம்பளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தட்டுவதா என்று கேட்பீர்கள் என்று பயந்தேன். கச்சேரி முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மூடிய வாய்க்குத்தான் இவ்வளவும்.

வெண்ணிலா நேற்றே அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள். பெரிய செட்டைத் திரும்ப வாங்கினால் மாமா தூங்க முடியாது. இதை வைத்துக்கொண்டால் உங்கள் பூஜை அறை தாங்காது. இரண்டும் வேண்டாம், ஜெகநாதன் சாரிடம் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்கிறாள். உங்கள் பதில் வரும்வரை சொல்லாதே என்று பிடித்து வைத்திருக்கிறேன். கச்சேரிக்கு இன்னும் நிறைய நாள் இல்லை.

படியைப் பற்றி நீங்கள் எழுதியதை இவர் படித்தார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். நீங்கள் சொன்னால் கட்டுகிறோம். ஆனால் சொல்லாதீர்கள் அக்கா.

விஜயா


மண்ணாடிப்பட்டு
3.7.2025

மூலநாதர் துணை

அடி விஜயா,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கிரி பெண்டாட்டி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "இன்னா அண்ணி, யாருக்கு இன்னா ஆச்சு?" என்கிறாள். கண்ணில் தண்ணீர் ஓடியதால் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துவிட்டாள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பெரியம்மா இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீயும் கேட்டாய் அல்லவா? உலக்கைதானே? அது போதும் எனக்கு. இத்தனை நாளும் ராத்திரியில் படுத்தால், எனக்குத்தான் புத்தி கெட்டு இல்லாத சத்தம் கேட்கிறதோ என்றுகூடப் பயந்துபோயிருந்தேன். அரிகரன் தம்பியும் அப்படியே சொன்னார் என்று படித்ததும் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

முதலில் படி. அதை எழுதியது நானா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. தம்பியைச் சாப்பிடச் சொல். பக்கிரியும் வரமாட்டான், அவனுக்கு அந்தப் பேச்சைப் பேச ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை, "மோட்டார் ரிப்பேர் கீது" என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

அடுத்தது மேடை. இது கோபம்தான், சொல்லிவிடுகிறேன். நான் 'பொட்டப்பிள்ளை' என்று ஆரம்பிப்பேன் என்று நீயே என் சார்பில் பேசி, நீயே பயந்து, நீயே ஒளித்தாய். ஆமாம், ஆரம்பித்திருப்பேன். இரண்டு நாள் முணுமுணுத்திருப்பேன். மூன்றாவது நாள், கச்சேரிக்கு அவள் என்ன உடுத்தப் போகிறாள் என்று கேட்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படித்தானே? அந்த இரண்டு நாளைத் தாங்க முடியாமல் நீ மறைத்தாய். அம்மன் கோயிலில் வாசிப்பதற்கு ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? மறைத்தது தப்பு. மேடை தப்பில்லை.

இப்போது டிரம்ஸுக்கு வருகிறேன். அவளை வரவில்லை என்று சொல்லவிடாதே.

நீ கல்யாணம் ஆகி வந்த புதிதில் கிரைண்டரை மாடியில் வைத்தாயே, நினைவிருக்கிறதா? மேலே நீ மாவு ஆட்ட, கீழே என் அலமாரியில் டம்ளரெல்லாம் நடந்து வந்து விழும். பிறகு கீழே கொண்டுவந்து என் கூடத்தில் வைத்தோம். அதே கிரைண்டர்தான், ஒரு டம்ளரும் அசையவில்லை. தரைக்குக் கீழே மண்தானே இருக்கிறது, அது யாரிடம் போய்ப் புகார் சொல்லும்? இந்த டிரம்ஸுக்கும் அதே வைத்தியம்தான். மேலே வைக்காதே. என் கூடத்தில் ஜன்னல் ஓரமாக வை. என் பழைய தேங்காய் நார் மெத்தையை இரண்டாக மடித்து அடியில் போடு.

பெரிய டிரம்ஸ் வேண்டாம். உங்கள் மாமாவுக்காக மட்டும் சொல்லவில்லை, தெருவில் கைக்குழந்தைகள் இருக்கின்றன. ஆனால் ரப்பரிலேயே தட்டிப் பழகினால் மேடையில் நிஜத் தோலைத் தொடும்போது கை தடுமாறாதா? எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் அப்பளக் குழவியில் பழகின கை பூரிக் கட்டையில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. ஜெகநாதனிடம் கேள். வாரத்தில் ஒரு நாள் தவளக்குப்பத்தில் அவர் இடத்தில் போய்ப் பெரியதில் வாசிக்கட்டும். மற்ற நாள் என் கூடத்தில்.

என் சொல் இரண்டு. நான் விளக்கேற்றி எழுந்திருக்கிறவரை கால் பெடலைத் தொடக்கூடாது. உங்கள் மாமா காலையில் தூங்குகிறபோது ஹெட்போன் இருந்தாலும் வேண்டாம்.

போனில் பேசலாமே என்று கேட்பாய். போனில் என்றால் அழுகை வந்துவிடும், நீயும் அழுவாய், விஷயம் ஒன்றும் முடியாது. எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே தொடரலாம்.

கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்து, கீழேயும் மேலேயும் நின்று கேட்டுவிட்டு எழுது.

கோகிலாம்பாள்


பாகூர்
9.7.2025

மூலநாதர் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே பெட்டியைக் கீழே இறக்கினோம். இந்தத் தரம் வேட்டி போர்த்தவில்லை. நார் மெத்தையை மடித்துப் போட்டு, அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் பெடல். வெண்ணிலா மிதித்தாள். நான் பூஜை அறையில் நின்றேன், இவர் மாடியில் நின்றார், வாசலில் மாமா நின்றார். "வருதா?" "வரலடி." "இப்ப?" "ஒண்ணும் வரலையே, நீ மிதிக்கிறியா இல்லையா?" சாமி படத்துக் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தேன். சிலிர்க்கவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது, அவ்வளவு நிம்மதி.

ஜெகநாதனிடம் நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "யாரும்மா சொன்னது? ரொம்ப சரி" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தவளக்குப்பத்தில் பெரிய செட்டில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். போன ஞாயிறு நானும் கூடப் போனேன். முதல் கால் மணி நேரம் கை தடுமாறியது நிஜம். ரப்பரில் குச்சி எகிறுகிற எகிறல் வேறு, தோலில் வேறாம். பிறகு பிடித்துவிட்டாள். வினோதினி பாட, இவள் வாசிக்க, நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெண்ணுக்கு இவ்வளவு கை இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது அக்கா. வீட்டில் எல்லாம் அவள் காதுக்குள்ளேயே நடந்துபோகிறது, நமக்கு எங்கே தெரியும்?

அதைச் சொன்னதும் மாமா என்ன செய்தார் தெரியுமா? நேற்று சாயந்திரம் டூட்டிக்குக் கிளம்புகிறவர், யூனிபார்மோடு உட்கார்ந்து, "குடுடி அத" என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். அவள் வாசிக்கிறாள், மாமா தலையை ஆட்டுகிறார். அவர் ஆட்டுகிறதைப் பார்த்து வெளியே நிற்கிற எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பஸ் போய்விட்டது. இவர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். பஸ் போனதற்குக் காரணம் வெற்றிலை வாங்கப் போனது என்று மாமா உங்களிடம் சொல்லச் சொன்னார். நான் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆடி முதல் வெள்ளி, பதினெட்டாம் தேதி. கூழ் ஊற்றிய பிறகு ராத்திரி ஒன்பதுக்கு ஆரம்பம். வெண்ணிலா சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. கேட்டால், "பெரியம்மா வருமா, வராதா, அத மட்டும் சொல்லு" என்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்கள்தான் எழுத வேண்டும்.

விஜயா


மண்ணாடிப்பட்டு
12.7.2025

மூலநாதர் துணை

விஜயாவுக்கு,

பஸ்ஸைத் தவறவிட்டதை உன் மாமாவே நேற்று போன் போட்டுச் சொல்லிவிட்டார். வெற்றிலையாம். நானும் நம்பிக்கொண்டேன்.

ஆனி முடிவதற்குள் வந்துவிடுகிறேன். செவ்வாய் வேண்டாம், புதன்கிழமை காலையில் கிளம்புகிறேன். பக்கிரி பெண்டாட்டி இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போ என்று பிடித்துக்கொண்டாள். நல்லவள்தான். அடுத்த வீட்டுக்காரியும் வந்து, "இன்னா அவசரம், வூட்டுல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டாள். இந்த ஒரு மாதமாக அவள் எதைக் கேட்டாலும் நான் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு, "எங்க பொண்ணு பூரணாங்குப்பத்துல டிரம்ஸ் வாசிக்கிறா. நா இல்லாம யாரு முன்னாடி வரிசையில உக்கார்றது?" என்றேன். அவள் வாயைப் பிளந்தாள். எனக்கு அப்படி ஒரு திருப்தி. அவள் போன பிறகு இன்னொரு தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வெண்ணிலாவைச் சாப்பிடச் சொல். வெறும் வயிற்றில் எதையும் வாசிக்க முடியாது.

தவளக்குப்பத்தில் பஸ் மாற வேண்டும், பை கனம். பதினோரு மணிக்கு அவளை அங்கே நிற்கச் சொல். நீ வராதே. உன்னைப் பார்த்தால் நடுரோட்டிலேயே அழுதுவிடுவேன், அது நன்றாக இருக்காது. வீட்டுக்கு வந்து அழுதுகொள்ளலாம்.

கோகிலாம்பாள்